ஒன்றரை வருடம் தண்ணீராகப் போனது, மூன்று பரிசோதனையும் நெகட்டிவ்: அக்காவுக்கு வந்த அபூர்வ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்

கொள்ளிடக்கரை
பிப்ரவரி 9, இரவு 10:52

இது என் அக்காவின் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்கு வயது 46, வீட்டிலேயே தையல் வேலை. போன வருடத்துக்கு முந்தைய ஆடியில் வெள்ளைப்படுதல் ஆரம்பித்தது. வெள்ளை என்று சொல்வதே தவறு. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, சில நாள் வெறும் தண்ணீராக, சில நாள் லேசான மஞ்சளாகப் போகும். நாற்றம், அரிப்பு, வலி, இரத்தம் எதுவும் கிடையாது. அளவுதான் அதிகம். முதலில் ஒரு நாளைக்கு இரண்டு பேடு, தீபாவளி சமயத்தில் ஐந்து ஆறு. தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலி நனைந்திருக்கும். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அம்மா "உடம்பு சூடு" என்றார். வெந்தயம், இளநீர், பார்லிக் கஞ்சி, சோற்றுக் கற்றாழை என்று நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். தொற்று என்று மாத்திரை கொடுத்தார், அத்தானுக்கும் சேர்த்து. மூன்று சுற்று மாத்திரை முடிந்தும் குறையவில்லை. கர்ப்பப்பை வாயில் அணுக்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தார்கள்: அழற்சி மட்டும், புற்று அணுக்கள் இல்லை. ஒருவேளை சிறுநீர் கசிவோ என்று சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கே அப்படி எதுவும் இல்லை. ஸ்கேனில் "பல்கி செர்விக்ஸ், நபோத்தியன் சிஸ்ட்" என்று வந்தது, அதாவது பருத்த கர்ப்பப்பை வாய், அதில் சளி அடைத்த சிறு பைகள். இந்த வயதில் சகஜம், பயப்பட வேண்டாம் என்றார்கள். இரண்டாவதாக ஒரு மருத்துவமனையில் எச்பிவி டெஸ்ட் (கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸுக்கானது), நெகட்டிவ். சின்னதாகச் சதை எடுத்த பயாப்சியில் நாள்பட்ட அழற்சி.

ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரும்போது நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை. வழியில் பிள்ளையார் கோவிலில் ஒரு சிதறுகாய் கூடப் போட்டோம். அக்கா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "எல்லாம் சரின்னா இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். கையால் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை வாய் பீப்பாய் மாதிரி பருத்து உறுதியாக இருக்கிறது என்று எம்ஆர்ஐ எழுதினார். அதில் உள்பக்கம் முழுக்க நீர்ப்பைகள், அவற்றின் நடுவே திடமான பகுதி, மொத்தம் 3.4 செ.மீ. பிறகு மயக்க மருந்து கொடுத்து, கூம்பு வடிவில் ஆழமாகச் சதையை வெட்டியெடுக்கும் கோன் பயாப்சி. போன வாரம் ரிப்போர்ட் வந்தது: "கேஸ்ட்ரிக் டைப் அடினோகார்சினோமா, எச்பிவி இண்டிபெண்டன்ட்."

கேஸ்ட்ரிக் என்றால் வயிறு அல்லவா? கர்ப்பப்பை வாயில் எப்படி? இதைக் கடந்து வந்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்லைடை வேறு இடத்தில் காட்ட வேண்டுமா? எனக்கும் அவள் மகளுக்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா?


வெண்தாமரை
பிப்ரவரி 10, காலை 6:15

தங்கச்சி, நான் 22 வருடமாக கிராம சுகாதார செவிலியர். உன் அக்கா சொன்ன அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. எங்களிடம் வரும் பெண்கள் "வெள்ளைப்படுது சிஸ்டர்" என்பார்கள், நாங்களும் நாற்றம் இருக்கா, அரிப்பு இருக்கா, தயிர் மாதிரி திரிதிரியாக இருக்கா என்று கேட்போம். மூன்றும் இல்லை என்றால் "பயப்படாதே, சாதாரணம்தான்" என்று அனுப்பிவிடுவோம். எத்தனை துணி மாற்றுகிறாய் என்று கேட்டதே இல்லை. மாதவிடாய்க்குக் கேட்போம், இதற்குக் கேட்க மாட்டோம். இனிமேல் கேட்பேன்.

அக்காவுக்கு மனசு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாளா?


நுண்ணோக்கி
பிப்ரவரி 10, பிற்பகல் 2:40

நான் நோய்க்குறியியல் மருத்துவர். உங்கள் அக்காவின் ஸ்லைடைப் பார்க்காமல் அவருடைய நோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்த வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை எச்பிவி வைரஸால் வருவது. அதனால்தான் பரிசோதனை, தடுப்பூசி எல்லாமே அந்த வைரஸைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன. மீதியுள்ள சிறு பங்கில் வைரஸுக்கு வேலையே இல்லை. அந்தப் பங்கில் உள்ள சுரப்பிப் புற்றுகளில் (அடினோகார்சினோமா) முதலிடம் கேஸ்ட்ரிக் வகைக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு கர்ப்பப்பை வாய்ச் சுரப்பிப் புற்றுகளை எச்பிவி சார்ந்தவை, சாராதவை என்று இரண்டாகவே பிரித்துவிட்டது. ஜப்பானில் மற்ற நாடுகளைவிட இது அதிகம். இதைப் பற்றிய ஆய்வுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவையோ என்று எனக்குத் தோன்றும்.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். இது வயிற்றிலிருந்து பரவி வந்தது என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாய்க் குழாயின் உள்ளே சளி சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அந்த அணுக்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சுரப்பி சுரக்கிற மாதிரியான சளியைச் சுரக்கத் தொடங்குகின்றன. அந்தச் சளிதான் உங்கள் அக்கா கண்ட தண்ணீர். அதாவது கட்டியின் வேலையே அதைச் சுரப்பதுதான். வேறெந்தப் பரிசோதனையும் காட்டாத நாளிலும் அது காட்டிக்கொண்டிருந்தது.

ஏன் மூன்றும் நெகட்டிவ்? எச்பிவி டெஸ்ட் "வைரஸ் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வைரஸ் இல்லை, அது சரியான பதில். பாப் ஸ்மியரில் வெளிப்பரப்பிலிருந்தும் குழாயின் வாசலிலிருந்தும் வழித்தெடுத்த அணுக்கள்தான் வரும். இந்தக் கட்டி குழாயின் மேல்பகுதியில், சுவருக்குள் ஆழமாக வளரும். அப்படியே அணுக்கள் வந்தாலும் பார்ப்பதற்கு நல்ல அணு மாதிரியே இருக்கும். இதில் நல்ல சுரப்பியை மிகவும் ஒத்திருக்கும் வடிவத்துக்கு "அடினோமா மலிக்னம்" என்று ஒரு பழைய பெயர் உண்டு. 1870-இலேயே குஸ்ஸெரோ என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது. அடினோமா என்றால் சாதுவான கட்டி, மலிக்னம் என்றால் கொடியது. பெயரே முரண்தான், ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தப் பெயரின் நியாயம் புரியும். ஒவ்வொரு சுரப்பியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. சுரப்பி எந்த ஆழத்தில் கிடக்கிறது, இருக்கக்கூடாத இடத்தில், தடித்த இரத்தக் குழாயை ஒட்டிக் கிடக்கிறதா, வடிவம் நண்டுக்கால் மாதிரி கோணலாகப் பிரிகிறதா, சுற்றியுள்ள திசு அதற்கு எதிர்வினை காட்டுகிறதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறோம். சில மில்லிமீட்டர் மேல்சதையை மட்டும் அனுப்பினால் ஆழம் என்ற ஒன்றே எங்கள் கண்ணுக்கு வராது. "நாள்பட்ட அழற்சி" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் மேஜைக்கு வந்த துண்டில் அதுதான் இருந்தது.

பாப் ஸ்லைடில் ஒரு தடயம் கிடைப்பதுண்டு. வழக்கமான கர்ப்பப்பை வாய்ச் சளி இளஞ்சிவப்பாகச் சாயமேறும். இந்த இரைப்பை வகைச் சளி பொன்மஞ்சளாகத் தெரியும். தேடுகிறவருக்குத்தான் அது கண்ணில் படும். "ஒரு வருடமாக நீர் போலப் படுகிறது" என்று பரிசோதனைப் படிவத்தில் ஒரு வரி இருந்தால் நான் தேடுவேன். "வெள்ளைப்படுதல்" என்று மட்டும் இருந்தால் அன்றைக்கு வந்த எண்பது ஸ்லைடில் அதுவும் ஒன்று.


அரசமரம்
பிப்ரவரி 10, இரவு 9:03

படித்ததும் ஒரு கேள்வி. பாப் தப்பு, எச்பிவி தப்பு, பயாப்சியும் தப்பு என்றால் முகாமில் கூப்பிட்டு எடுக்கிற பரிசோதனை எதற்கு? என் மனைவிக்கு அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தது. இந்த இழையைப் படித்துவிட்டு "எடுத்து என்ன பிரயோஜனம்" என்கிறாள்.


வெண்தாமரை
பிப்ரவரி 10, இரவு 9:31

சகோதரா, தயவு செய்து அனுப்பி வையுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது, 80,000 பேர் வரை இறந்தார்கள். அதில் மிகப் பெரும்பாலானவை அந்த டெஸ்டில் மாட்டுகிற வகை. நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே செய்து பார்த்த ஆராய்ச்சி இருக்கிறது, 2007-இல் வெளியானது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான். அதிலேயே நோய் 25 சதவீதம் குறைந்தது, இறப்பு 35 சதவீதம் குறைந்தது. நான் பயிற்சிக்குப் போனபோது இதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அனுப்பி வைத்து, ஆரம்பத்திலேயே சரியாகி, இன்றைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்கள் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.


நுண்ணோக்கி
பிப்ரவரி 10, இரவு 10:10

வெண்தாமரை சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும். அந்தப் பரிசோதனைகள் தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கானவை. தொந்தரவு இருக்கிற பெண்ணுக்கு அவை போதாது. நெகட்டிவ் என்று வந்த பிறகும் தொந்தரவு நிற்கவில்லை என்றால் காரணத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் அந்த டெஸ்ட் அவருக்காகவே உருவானது. கட்டாயம் எடுங்கள். மகள் இருந்தால் தடுப்பூசியும் போடுங்கள். இந்த அபூர்வ வகையை அது தடுக்காதுதான், ஆனால் பெரும்பான்மையைத் தடுக்கும்.


அரசமரம்
பிப்ரவரி 10, இரவு 10:44

சரி டாக்டர். செவ்வாய்க்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். மகளுக்கு 11 வயது, அதையும் கேட்டு வருகிறேன்.


கரும்புள்ளி
பிப்ரவரி 11, காலை 11:20

கொள்ளிடக்கரை, உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். அக்காவின் உதட்டில், உள்கன்னத்தில், விரல் நுனிகளில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் சிறு வயதில் இருந்தனவா? வயதாக ஆக உதட்டில் இருப்பது மங்கிவிடும், உள்கன்னத்தில் நிற்கும். குடல் சொருகிக்கொண்டு அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா?

எனக்கு இருப்பது பியூட்ஸ் ஜெகர்ஸ் சிண்ட்ரோம், இந்தப் புள்ளிகளோடு குடலில் சதை வளர்ச்சியும் வருகிற பரம்பரை நோய். 1921-இல் பியூட்ஸ் என்ற டச்சு மருத்துவர் ஒரு குடும்பத்தில் பார்த்து எழுதினார், 1949-இல் அமெரிக்காவில் ஜெகர்ஸும் அவருடன் இருந்தவர்களும் விரிவாக எழுதினார்கள். எஸ்டிகே11 என்ற மரபணுவில் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு ஒன்பது வயதில் குடல் சொருகி ஆபரேஷன் நடந்தது. உதட்டுப் புள்ளியைப் பார்த்து ஊரில் "மை தடவினியா" என்று கேட்பார்கள். அப்பாவுக்கும் அதே புள்ளிகள். அது நோயின் அடையாளம் என்று எனக்கு 31 வயது வரை யாரும் சொல்லவில்லை.

இதற்கும் உங்கள் அக்காவின் நோய்க்கும் தொடர்பு உண்டு. எங்கள் மாதிரிப் பெண்களுக்கு இந்த வகைக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மார்பகம், குடல், கணையம், சினைப்பை எல்லாவற்றிலும் ஒரு கண் வைக்க வேண்டும். நான் வருடம் ஒருமுறை போய் வருகிறேன். போன முறை தண்ணீர் மாதிரி போகிறது என்று சொன்னதும் என் மருத்துவர் மாத்திரை எழுதவே இல்லை, நேராக எம்ஆர்ஐ. எனக்கு வந்தது எல்இஜிஎச் என்ற தீங்கில்லாத சுரப்பிப் பெருக்கம். அதையும் விட்டுவிடக் கூடாது, கண்காணிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

புள்ளி இல்லை என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். இந்தப் புற்று வருகிற பெண்களில் அதிகம் பேருக்கு இந்தச் சிண்ட்ரோம் இருக்காது. ஆனால் யாராவது ஒருவர் டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.


கொள்ளிடக்கரை
பிப்ரவரி 11, இரவு 8:48

டார்ச் அடித்துப் பார்த்தேன். அக்கா, நான், அக்கா மகள், அம்மா நான்கு பேரும் கூடத்தில் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றோம். புள்ளி எதுவும் இல்லை. குடல் பிரச்சினையும் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்கிறேன். மரபணு ஆலோசனை தேவையா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அக்கா இந்த இழையை முழுக்கப் படித்தாள். கட்டியின் வேலையே அந்தத் தண்ணீரைச் சுரப்பதுதான் என்று நுண்ணோக்கி எழுதிய இடத்தில் நிறுத்தி, "நான் சொன்னேன்ல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த முதல் மருத்துவர்மேல் கோபம் அடங்கவில்லை. மூன்று சுற்று மாத்திரைக்குப் பிறகாவது யோசித்திருக்கலாம்.


வெயில்காலம்
பிப்ரவரி 12, அதிகாலை 5:30

உன் கோபம் நியாயம். என் கதையையும் கேள். எனக்கு 2019-இல் இதே வகை. உனக்கு மூன்றாவது மருத்துவர் கிடைத்தார், எனக்கு அதுவும் இல்லை. "கர்ப்பப்பை வாய் தடிச்சிருக்கு, தண்ணி போயிட்டே இருக்கு, குழந்தைதான் ரெண்டு இருக்கே, எடுத்துடலாம்" என்று சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து பயாப்சியில் புற்று என்று வந்தது. அதற்குள் தையல் கூடப் பிரித்தாகிவிட்டது.

புற்று என்று முன்பே தெரிந்திருந்தால் செய்கிற ஆபரேஷனே வேறு. கர்ப்பப்பையோடு அதைச் சுற்றியுள்ள திசு, யோனியின் மேல்பகுதி, நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார்கள். எனக்கு வெறும் பையை மட்டும் எடுத்ததால் மிச்சம் இருந்ததா இல்லையா என்றே தெரியாத நிலை. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். ஏழாவது வருடம் ஓடுகிறது, இருக்கிறேன். குடல் சம்பந்தமான தொந்தரவுகளும் கூடவே இருக்கின்றன.

அதனால் இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும்: காரணம் தெரியாமல் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். "எதனால் எடுக்கிறோம், உள்ளே புற்று இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், எம்ஆர்ஐ பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. மாமியார் வீட்டில் ஆபரேஷன் தேதியைப் பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும்தான் பேசினோம்.


நுண்ணோக்கி
பிப்ரவரி 12, பிற்பகல் 1:15

வெயில்காலம் எழுதியது ஒருவருக்கு மட்டும் நடந்தது இல்லை. என் மேஜையில் இப்படி வந்த கர்ப்பப்பைகளைப் பார்த்திருக்கிறேன். வாளியில் "ஃபைப்ராய்டு" (சாதுவான தசைக் கட்டி) என்று எழுதியிருக்கும், கர்ப்பப்பை வாயை வெட்டினால் உள்ளிருந்து சளி வழியும். போனை எடுத்து அறுவை செய்தவரைக் கூப்பிடும் அந்த நிமிடம் எங்களுக்கும் கனமானது.

முதல் மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை, கொள்ளிடக்கரை மன்னிக்க வேண்டும். இந்த வகையைத் தன் வாழ்நாளில் ஒருமுறை கூடப் பார்க்காமல் ஓய்வு பெறும் மகப்பேறு மருத்துவர்கள் ஏராளம். முதல் சுற்று மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது சுற்றைச் சொல்வேன்.

ஸ்லைடு விஷயம். கட்டாயம் இன்னொரு இடத்தில் காட்டுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். மகளிர் புற்றுநோய்த் திசுக்களைத் தினமும் பார்க்கிற மையமாக இருக்கட்டும்: அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. உங்கள் ஆய்வகத்தில் ஸ்லைடு மட்டும் வாங்காதீர்கள், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் கேளுங்கள். பிளாக் என்று சொன்னால் தெரியும். நோயாளி கேட்டால் கொடுப்பார்கள். ஒரு கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான். பிளாக் இருந்தால்தான் புதிதாக வெட்டி இம்யூனோ, அதாவது அணுவில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை, செய்ய முடியும். முதலில் எடுத்த, "அழற்சி" என்று வந்த அந்தச் சின்ன பயாப்சியின் ஸ்லைடையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழைய பாப் ஸ்லைடு கிடைத்தால் இன்னும் நல்லது.

இம்யூனோவில் என்ன பார்ப்பார்கள் என்றால்: பி16 என்ற சாயம் எச்பிவி சார்ந்த புற்றில் அடர்த்தியாகப் பிடிக்கும், இதில் பெரும்பாலும் பிடிக்காது அல்லது திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பொதுவாக இருக்காது. பி53 பலரிடம் மாறுபட்டிருக்கும். மக்6, கிளாடின் 18 போன்ற இரைப்பைக் குணத்தைக் காட்டும் சாயங்கள் பிடிக்கும். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. உண்மையாகவே இரைப்பையிலிருந்தோ கணையத்திலிருந்தோ பரவி வந்த புற்றுக்கும் ஏறக்குறைய இதே சாயங்கள் பிடிக்கும். ஸ்லைடை வைத்து மட்டும் இரண்டையும் பிரிப்பது சில சமயம் கடினம். அதனால் எண்டோஸ்கோப்பியும் வயிற்றுப் பகுதி சிடி ஸ்கேனும் எழுதினால் "இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொரு பக்கம், கரும்புள்ளி சொன்ன எல்இஜிஎச். எம்ஆர்ஐயில் நடுவில் பொடிப்பொடியான நீர்ப்பைகள், சுற்றிலும் பெரியவை, பூ விரிந்த மாதிரி இருக்கும். ஜப்பானியர்கள் அதைக் காஸ்மாஸ் பூவோடு ஒப்பிடுகிறார்கள். அது தீங்கில்லாதது, ஆனால் அதிலிருந்தே இந்தப் புற்று முளைப்பதும் உண்டு. நபோத்தியன் சிஸ்டோ மேலோட்டமாக, சளி அடைத்துக்கொண்டு நிற்கும் வெறும் பை. அதற்கு நாளுக்கு ஆறு பேடு நனையாது. உங்கள் அக்காவின் எம்ஆர்ஐயில் சொன்ன திடமான பகுதிதான் முக்கியமான வேறுபாடு.


பனைஓலை
பிப்ரவரி 12, மாலை 4:02

எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் வெள்ளைப்படுதலுக்கு நாற்பத்தெட்டு நாள் மருந்து தருகிறார். பலருக்குக் கேட்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் முயற்சி செய்து பார்க்கலாமே.


வெயில்காலம்
பிப்ரவரி 12, மாலை 4:20

நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே பத்தொன்பது மாதம் போய்விட்டது. இன்னொரு மண்டலம் கொடுக்க முடியாது.


கொள்ளிடக்கரை
பிப்ரவரி 27, இரவு 9:36

தாமதத்துக்கு மன்னிக்கவும், அலைச்சல்.

ஸ்லைடு, பிளாக் இரண்டையும் வாங்கிக்கொண்டு நானும் அத்தானும் பஸ்ஸில் போனோம். துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மடியிலேயே வைத்திருந்தேன். மெழுகு உருகிவிடுமோ என்று ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. மறு ஆய்வில் அதே முடிவுதான்: கேஸ்ட்ரிக் வகை. பி16 இல்லை, கிளாடின் 18 இருக்கிறது. முதல் பயாப்சியையும் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் துண்டில் உண்மையிலேயே எதுவும் இல்லை, மேல்சதை மட்டும்தான் என்றார்கள். அதைக் கேட்டபோது என் கோபம் கொஞ்சம் இறங்கியது. அடுத்த நிமிடமே, இன்னும் ஆழமாக எடுத்திருக்கலாமே என்று திரும்ப ஏறியது.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பை சுத்தம். சிடியில் கணையம், குடல் எதிலும் ஒன்றுமில்லை. கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டவில்லை. 1பி2 என்று எழுதியிருக்கிறார்கள், இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் என்று அர்த்தமாம். இந்த வகை கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் மற்றவை அளவுக்கு மசியாது, அதனால் எடுக்க முடிகிற நிலையில் எடுத்துவிடுவதே நல்லது என்றார் அறுவை மருத்துவர். சினைப்பைக்குப் பரவும் பழக்கம் இதற்கு உண்டு என்பதால் இரண்டு சினைப்பைகளையும் எடுக்கிறார்கள், வயிற்றுக்குள் கொழுப்புத் திரையையும் பார்ப்பார்கள். அதன் பிறகு வருகிற ரிப்போர்ட்டைப் பொறுத்துக் கதிர்வீச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் விண்ணப்பித்திருக்கிறோம். ஆபரேஷன் மார்ச் 6.

எத்தனை சதவீதம் பிழைப்பார்கள் என்று அக்கா கேட்டாள். மருத்துவர் மறைக்கவில்லை, வழக்கமான வகையைவிட இது முரட்டுத்தனமானது என்றார். "ஆனால் பரவின பிறகு கண்டுபிடிச்சவங்கதான் அந்தக் கணக்கில் அதிகம், நீங்க அந்த வரிசையில் இல்லை" என்றார். வீட்டுக்கு வந்ததும் பாதியில் நிற்கிற மூன்று ரவிக்கையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.


கரும்புள்ளி
பிப்ரவரி 28, காலை 7:05

6-ம் தேதி காலை உங்கள் அக்காவை நினைத்துக்கொண்டிருப்பேன்.


கொள்ளிடக்கரை
மார்ச் 19, இரவு 8:11

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தரை மணி நேரம். ரிப்போர்ட் நேற்று வந்தது: எடுத்த 21 நிணநீர்க் கணுக்களிலும் இல்லை, சினைப்பைகளில் இல்லை, ஓரங்கள் சுத்தம். ஆனால் சுவருக்குள் ஆழமாகப் போயிருந்ததால் கதிர்வீச்சு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீருக்காகப் போட்டிருந்த டியூபைப் பத்து நாள் கழித்து எடுத்தார்கள், இப்போது தானாகப் போகிறாள். நேற்று பேடு இல்லாமல் தூங்கினாள். காலையில் எழுந்து படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.


வெண்தாமரை
மார்ச் 19, இரவு 8:25

தங்கச்சி, அழுதுகொண்டே தட்டச்சு செய்கிறேன். எங்கள் துணை சுகாதார நிலையப் பதிவேட்டில் நானே பேனாவால் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுவிட்டேன்: "ஒரு நாளைக்கு எத்தனை துணி?" ஒரு மாதத்தில் இரண்டு பேரை மேலே அனுப்பினேன். ஒருவருக்குச் சாதாரணத் தொற்று, மாத்திரையில் நின்றுவிட்டது. இன்னொருவருக்கு எம்ஆர்ஐ தேதி கிடைத்திருக்கிறது.


வாடாமல்லி
ஏப்ரல் 2, இரவு 11:48

புது உறுப்பினர். இதற்காகத்தான் சேர்ந்தேன். வயது 39. எட்டு மாதமாக எனக்கும் அப்படியே. பாப் நெகட்டிவ், எச்பிவி நெகட்டிவ். நாளைக்கு மறுபடி மருத்துவரிடம் போகிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. போன முறை "நெட்டில் படிச்சுட்டு வராதீங்க" என்றார்.


நுண்ணோக்கி
ஏப்ரல் 3, காலை 6:40

நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். எட்டு மாதமாகப் போனாலும் பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், தொற்றோ, எல்இஜிஎச்சோ, கருக்குழாயில் நீர் கோத்ததோ. "இவ்வளவு போகிறது, இத்தனை மாதமாகப் போகிறது, இன்னின்ன மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். கையால் உள்பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐ பார்க்கலாமா என்று கேளுங்கள். பயாப்சி எடுத்தால் குழாயின் உள்ளிருந்தும் எடுப்பார்களா என்று கேளுங்கள்.


கொள்ளிடக்கரை
ஏப்ரல் 3, காலை 7:02

வாடாமல்லி, அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள், கதிர்வீச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். அவள் சொல்லச் சொன்னது: பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வை. இன்றைக்கு எத்தனை பேடு மாற்றினாய் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போ. எத்தனை மணிக்கு அப்பாயின்ட்மென்ட்?